துன்தே பள்ளி மைதானத்தில் சத்தம் போதவில்லை

அனுப்புநர்
மோ இன்-சுக் (வயது 46),
அரிசிப் பலகாரக் கடை உரிமையாளர்,
103-ஆம் பிளாக், வீட்டு எண் 602,
துன்தே அடுக்குமாடிக் குடியிருப்பு,
யோன்பாங் நகரம், தென் கொரியா.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
யோன்பாங் நகரக் கல்வி அலுவலகம்.

பொருள்: துன்தே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஓடாமல் உட்கார்ந்தே இருப்பது – அதற்குக் காரணமான என் புகாரை ரத்து செய்யவும், வரும் 24-ஆம் தேதி விளையாட்டு விழாவை மைதானத்திலேயே நடத்த உத்தரவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 11.04.2022 அன்று நானே கொடுத்த இரைச்சல் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளி மைதானத்தை ஒட்டிய பிளாக்கில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறேன். அரிசிப் பலகாரம் விடிவதற்குள் வெந்தாக வேண்டிய பண்டம். அதனால் ஊருக்கெல்லாம் காலை பத்து மணியாகும்போதுதான் எனக்குக் கண் சொக்கும். பள்ளியின் ஒலிபெருக்கி என் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. அதைச் சற்று வேறு பக்கம் திருப்பி வைக்கும்படி புகார் கொடுத்தேன். நான் கேட்டது அவ்வளவுதான். நகல் தங்கள் அலுவலகத்திலேயே இருக்கும்.

2. பள்ளியோ எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகச் செய்துவிட்டது. முதலில் ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். பிறகு விசிலை நிறுத்தினார்கள். விசில் இல்லாமல் பந்தாட்டத்தை எப்படி நடத்துவது என்று பந்தை அறையில் போட்டுப் பூட்டினார்கள். பந்தில்லாத பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஓடினால் கத்துகிறார்கள் என்று ஓட்டத்தையும் தடை செய்தார்கள். இப்போது இடைவேளையில் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்து, திரையில் ஒரு கார்ட்டூன் கரடி உடற்பயிற்சி செய்வதைப் பார்க்கிறார்கள். இதைச் சொன்னபோது என் கணவர், "இப்படியே போனா கரடிதான் இளைச்சுப் போகும்" என்றார்.

3. இத்தனையும் அப்போது எனக்குத் தெரியாது. நன்றாகத் தூங்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன அடக்கம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் மெச்சிக்கொண்டேன். குறை தீர்ந்ததா என்று தங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது, "மிகவும் திருப்தி" என்பதை அழுத்தினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஒரே விரலால் செய்தேன்.

4. இந்த மார்ச் மாதம் என் மகன் சே-சான் அதே பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தான். அதன் பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. வீட்டில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் இன்டர்காமில் கூப்பிடுவார். அதற்காகவே வீடு முழுக்கத் தடிமனான பாய் விரித்திருக்கிறோம். அதன் மேலும் பூனை மாதிரிதான் நடக்கிறான். பள்ளியில் ஓடினால் மேல்வீட்டுக்காரி புகார் கொடுப்பாள். அந்த மேல்வீட்டுக்காரி நான். பள்ளி விட்டதும் டியூஷன், அங்கேயும் நாற்காலி. ஏழு வயதுப் பிள்ளை மூன்று மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான்.

5. மே மாதம் விளையாட்டு விழா நடந்தது. காலையில் பலகாரம் கொடுத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் பிளாக்கை நோக்கி வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியை கையசைத்ததும் ஒரே குரலில், "103-ஆம் பிளாக்குல இருக்கிறவங்களே, மன்னிச்சிடுங்க! இன்னிக்கு மட்டும் கொஞ்சம் விளையாடிக்கிறோம்!" என்று சொல்லி இடுப்பு வளையக் குனிந்தார்கள். மற்ற ஊர்ப் பள்ளிகளிலும் இந்த வழக்கம் உண்டு என்று அறிவேன். ஆனால் முதல் வரிசையில் எல்லாரையும் விட அதிகமாகக் குனிந்தவன் என் மகன். ஐயா, எனக்கு வெட்கமாக இருந்தது. திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

6. அன்றைய ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் முதல் வகுப்பில் இருபத்திரண்டு பேர் ஓடினார்கள், ஒன்பது பேர் விழுந்தார்கள். யாரும் தள்ளவில்லை. ஓடிப் பழகாத கால்கள் ஒன்றையொன்று தடுக்கிவிட்டன. ஓடாததால் விழுந்தார்கள் என்று எனக்குப் பட்டது. ஓடியதால் விழுந்தார்கள் என்று பள்ளிக்குப் பட்டிருக்கிறது. எனவே இந்த ஆண்டின் இரண்டாவது விழாவை மாற்றி, வரும் 24-ஆம் தேதி "அமர்ந்த நிலை விளையாட்டு விழா" என்று சுற்றறிக்கை வந்துள்ளது. அரங்கத்துக்குள் விளையாட்டு பற்றிய வினாடி வினாவாம். உட்கார ஆளுக்கொரு சிறு மெத்தை கொண்டுவர வேண்டுமாம்.

7. தலைமையாசிரியரை நேரில் பார்த்தேன். அவர், "கடைக்காரம்மா, உக்காந்திருக்கிற புள்ள விழுந்ததா சரித்திரமே கிடையாது. அதுவுமில்லாம உங்க பிளாக்கு புகார் அப்படியே இருக்கு. அது இருக்கிற வரைக்கும் நான் விசில வாயில வைக்கமாட்டேன்" என்றார். அந்தப் புகாரைக் கொடுத்தவளிடமே சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

8. புகாரைத் திரும்பப் பெறத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மனுப் பிரிவில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மிகவும் திருப்தின்னு போட்டிருக்கீங்களேம்மா. திருப்தியானவங்க புகார ரத்து பண்றதுக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்லியே" என்றார். அதிருப்தி என்று மாற்றித் தரச் சொன்னேன். கெடு முடிந்துவிட்டதாம். பொறுமையான பிள்ளை, ஒரு தட்டுப் பலகாரம் கொடுக்க ஆசைதான், அரசு ஊழியருக்குக் கொடுத்தால் சட்டம் இருவரையும் பிடிக்கும். புதிய புகாராகக் கொடுங்கள் என்று வழி சொன்னவரும் அவரே.

9. ஆகவே இதைப் புதிய புகாராகப் பதிவு செய்யக் கோருகிறேன். குறை: பள்ளி மைதானத்தில் சத்தம் போதவில்லை. கோரும் தீர்வு: பந்தறையைத் திறக்க வேண்டும், இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விட வேண்டும், 24-ஆம் தேதி விழா மைதானத்தில் நடக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்த ஜன்னலுக்கும் குனியக் கூடாது. என் தூக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மருந்துக்கடையில் காதடைப்பான் விற்கிறது.

10. இந்த மனுவை எழுதத் துணிந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது சே-சான், "அம்மா, 103-ல ஒரு பொல்லாத அத்தை இருக்காங்களாம். அவங்களாலதான் நாங்க ஓடக் கூடாதாம். அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். பிறகு, "அப்ப நீங்க சரின்னு சொன்னா போதுமா? நாளைக்கே ஓடலாமா?" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன், ஐயா. என் சொல்லைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

இடம்: யோன்பாங்
நாள்: 14.10.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மோ இன்-சுக்
(103-ஆம் பிளாக்கின் பொல்லாத அத்தை)