மாப்பிள்ளைத் தோழன்

யூன் 11, செவ்வாய்
தங்கச்சி சிவானுஜா சிறைக்கு என்னைப் பார்க்க வந்தாள். கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. ஆகஸ்ட் 25, இங்கேயே வுப்பர்டாலில். மாப்பிள்ளை கஜீபன், பான் நகரில் பொறியியலாளர்.

“தோழனா நீதான் அண்ணா நிக்கோணும். ஒன்றுவிட்ட பெடியள் ஒருத்தரையும் விடமாட்டன்.”

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டி வருவது பெண்ணின் சகோதரன். அவளுக்கு இருப்பது நான் ஒருவன். என்னைக் கண்டால் ஒரு தெருவே எழும்பி நிற்கும். நான் எவன் காலையும் தொட்டதில்லை. இவருடையதைத் தொடுவேன்.

யூன் 12
கலியாணத்துக்குப் போக அனுமதி கேட்டு அன்ட்றாக் போட்டாயிற்று. விடமாட்டேன்.

யூலை 3, புதன்
சிறைச் சமூகப் பணியாளர் கூப்பிட்டார். இரண்டு காவலர்களோடு சில மணித்தியாலம் போகலாம். ஒரேயொரு நிபந்தனை: என் பழைய கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே வரக்கூடாது.

வரமாட்டார்கள் என்றேன். என் சொல்லை மீற எவனுக்குத் துணிவு?

யூலை 19, வெள்ளி
கவிஷனுக்குத் துணிவு. இன்று பார்க்க வந்தான். நான் உள்ளே வந்தபின் கூட்டத்தை நடத்துகிறவன் அவன்தான்.

“அண்ணை, நீங்கள் வெளியில வாற நாள். நாங்கள் வீட்டில இருக்கிறதோ? எல்லாரும் கறுப்பு ஷேர்ட்டோட வாறம். மற்றப் பெடியளும் பாக்கட்டும்.”

மற்றப் பெடியள்! எங்கள் எதிர்க்கூட்டம். அவர்களில் ஒருவனை வெட்டித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

வராதே என்றேன். சிரித்தான். என்ர முகத்துக்கு நேர நிண்டு சிரிக்கிறான்! இவனுக்கு அடிக்கப் பழக்கினதே நான்தானே. நாசமாய்ப் போவான்.

யூலை 22
நான் போனால் இவர்கள் வருவார்கள். இவர்கள் வந்தால் அவர்கள் வருவார்கள். பிறகு? கூறைச்சேலையோட தங்கச்சி நடுவில நிக்க, இவங்கள் கத்தியோட — ஏலாது. விடவே மாட்டன்.

நான் போகாவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் அங்கே வேலையில்லை.

அன்ட்றாக்கைத் திருப்பி எடுத்தேன். சமூகப் பணியாளர் திரும்பத் திரும்பக் கேட்டார், நிச்சயமா என்று. நிச்சயம்.

கவிஷனுக்கும் போன் எடுத்தேன். “நான் கலியாணத்துக்கு வரேல்லை. உங்களோடயும் இனி இல்லை. என்ர பேரைச் சொல்லிக்கொண்டு திரியாத.”

“அப்ப நீங்கள் எங்கட தலைவர் இல்லையோ?”

“ஓம். இல்லை.”

யூலை 24
தங்கச்சியிடம் உள்ளதை அப்படியே சொன்னேன். அழுதாள். பிறகு, “தோழன் இல்லாமலே நடக்கட்டும். உன்ர இடத்தில ஒருத்தரும் நிக்கக்கூடாது” என்று போனை வைத்தாள். பிடிவாதக்காரி. என்னைவிட மோசம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தாலி ஏறிவிட்டது. வாசலில் ஒரு கறுப்பு ஷேர்ட்டும் இல்லையாம். மாப்பிள்ளை கால் கழுவாமலே உள்ளே வந்தாராம், அவருடைய தாய்க்கு முகம் சரியில்லையாம்.

ஆனால் செய்தது சரி.

செப்டெம்பர் 7, சனி
இருவரும் வந்தார்கள். கஜீபனை நேரில் காண்பது இதுதான் முதல். மெலிந்த மனிதர். கதிரையில் இருந்ததும் சப்பாத்தைக் கழற்றினார், பிறகு சொக்ஸையும்.

“மச்சான், நான் இன்னும் கால் கழுவாத மாப்பிள்ளை.”

தங்கச்சி மெஷினில் தண்ணீர்ப் போத்தல் எடுத்து வந்தாள். குமிழி பொங்கும் காஸ் தண்ணீர்தான் இருந்தது. முழங்காலில் நின்று அவர் காலில் ஊற்றினேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார், தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து மேசைகள் எல்லாம் என்னைத்தான் பார்த்தன. பார்க்கட்டும்.

காவலர் ஓடி வந்தார். “இங்கே என்ன நடக்குது?”

“எங்கட கலியாணம் இன்னும் முடியேல்லை” என்றார் கஜீபன், ஜெர்மனில்.

கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை போடும் மோதிரத்தை என் விரலில் போட்டார். உள்ளே கொண்டுபோக முடியாது என்றார் காவலர். கஜீபன் அதைக் கழற்றித் தன் சின்னவிரலில் போட்டுக்கொண்டார். “நீங்கள் வெளியில வருமட்டும் இதில கிடக்கும்.”

அவர்கள் போனதும், ஈரத்தை யார் துடைப்பது என்று காவலர் கேட்டார். துணியை வாங்கி நானே துடைத்தேன்.