'மறுத்தனர்' என்று எழுதிய வீடு

1978 டிசம்பர் 4, திங்கள்

சூறாவளி அடித்துப் பதினொரு நாள். நிந்தவூர்க் கிணறுகளில் கடல் உப்பும் கக்கூஸ் அழுக்கும் கலந்து கிடக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்யத் தொழில்நுட்ப உத்தியோகத்தனான என்னை அனுப்பிய அரசாங்கக் கந்தோர் தந்தது ஒரு இறைக்கும் இஞ்சினும் ஒரு பீப்பாய் குளோரின் தூளும். ஆள் தரவில்லை.

கூரை பறந்த கல்லூரி மண்டபத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. "உங்கட கிணத்த இறைக்க அம்பாறையில இருந்தா ஆள் வரணும்?" என்று கத்தினேன்.

கச்சிமுகம்மது என்பவன் எழும்பி, "சேர், வாப்பா கூப்பிட்டு வயலுக்கே போகல்ல. இதுக்குப் போனனெண்டா உரிச்செடுப்பார்" என்றான். ஒரே சிரிப்பு. ஆனால் முதல் கை அவனுடையது. பிறகு பத்துப் பேர்.

மூன்று பெண் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். "இது பொம்புளப் புள்ளைகள்ற வேலயில்ல" என்றேன். அவர்களில் நபீலா என்பவள் உட்காராமல், "அப்ப இத்தா இருக்கிற வீட்டுக்கு ஆர் சேர் போற?" என்றாள். புருஷன் இறந்து, நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கிறவர்களைச் சொல்கிறாள்.

"அதப் பிறகு பாப்பம். இரி."

டிசம்பர் 6

ஒன்பது கிணறு. ஒன்றுக்கு ஐம்பது நிமிடம். பையன்கள் பரவாயில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் நாலு முடிக்க நினைத்தேன். மூன்றுதான்.

நாலாவது மைமூனாவின் வீடு. தென்னை விழுந்து புருஷன் மவுத்து. வீடும் போய்விட்டது. கிணற்றடியில் ஓலைக் கொட்டில், அதற்குள் அவள் இத்தா. அவளுடைய மூத்த சகோதரி, றாபியா ராத்தா, வேலிப் படலையில் மறித்தார்.

"ஒரு மணித்தியாலம் நில்லுங்க மனே, சீலை கட்டி மறைச்சுத்தாறன்."

"நேரமில்ல. கொதிக்க வெச்சுக் குடிங்க."

"விறகெல்லாம் ஈரமாக் கிடக்கு, மனே..."

பட்டியலில் 'மறுத்தனர்' என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனோம்.

டிசம்பர் 13

மைமூனாவின் மகளுக்கு வயிற்றோட்டமாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம்.

டிசம்பர் 14

பிள்ளை மவுத்து. உம்மு. நாலு வயது.

ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுத்தனர் - ஆர் மறுத்த? அவ நில்லுங்க எண்டுதானே சொன்னா. நாந்தானே போன.

டிசம்பர் 15

நபீலாவின் வீட்டு வாசலுக்குப் போய், மைமூனாவின் கிணற்றுக்கு வருவாயா என்று கேட்டேன்.

"நான் அண்டைக்கே கேட்டன் சேர். நீங்க இரிக்கச் சொன்னீங்க."

ஆறுதலாக ஒரு சொல் இல்லை. வாப்பாவிடம் கேட்டுவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இஞ்சினைத் தெருவிலேயே வைத்து, வேலிக்கு மேலால் குழாயை எறிந்தேன். உள்ளே அவர்கள் கிணற்றுச் சுவரைத் தேய்த்தார்கள், தூளைக் கரைத்து ஊற்றினார்கள். முக்கால் மணித்தியாலம்.

குழாய் நீளம் அறுபது அடி. முதல் நாளிலிருந்து லொறியில்தான் கிடந்தது. இஞ்சின் உள்ளே போகத் தேவையே இருக்கவில்லை. இதற்கா மூன்று வருஷம் படித்தேன்?

1979 ஜனவரி 20

இத்தா வீடுகள் ஏழும் முடிந்தன. பெண் பிள்ளைகள் இப்போது பதினான்கு பேர்.

ஏப்ரல் 1, ஞாயிறு

புதிதாக ஒரு இத்தா வீடு, கடற்கரைத் தெருவில். நபீலாவோடு புதிதாக ஒரு பெண்ணும் வாளியோடு வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், முக்காடு. நான் தூளின் அளவு சொல்லிக் கொண்டிருந்தேன். அவர் நின்றுவிட்டார்.

"உங்கட முகம் தெரியா தம்பி. குரல் தெரியும். அண்டைக்குக் கொட்டிலுக்குள்ள இருந்து கேட்டன்."

மைமூனா. நேற்றோடு இத்தா முடிந்ததாம்.

அவர் கோபப்படவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். "உள்ளுக்குச் சின்னப் புள்ளைகள் ரெண்டு இருக்கு. நாங்க மறைப்புக் கட்டிச் சொல்லும் வரைக்கும் இஞ்சினத் தொட வேணாம். இந்த முறை நில்லுங்க."

ஓம் என்றேன்.