என் வீட்டின் மீது ஒரு முறைப்பாடு

ஜூலை 6, ஞாயிறு

பல்லேபொலயில் சோலார் பாவனையாளர் சங்கக் கூட்டம். செயலாளர் என்ற முறையில் கரண்ட் கந்தோர் அதிகாரிகளை இன்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஞாயிறு உச்சி வெயிலில் கடையும் மில்லும் மூடிக் கிடக்கும். கூரைகளிலிருந்து வரும் கரண்டை இழுக்க ஆளில்லாமல் லைனில் வோல்டேஜ் ஏறும், எல்லார் வீட்டு இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கூரை நிறைய வெயில், ஒரு யூனிட் கிடையாது. புது டிரான்ஸ்போமர் போடும்வரை விடமாட்டோம் என்றேன். கை தட்டினார்கள்.

"ஒங்க வீட்டுல மட்டும் நிக்கிறதே இல்லையாமே, செக்ரட்டரி?" என்று பொருளாளர் முஸம்மில் கேட்டார். சோலார் போட்டது நல்ல கம்பனி என்றேன்.

போன மாதம் கம்பனி டெக்னீஷியன் அம்ஹரைக் கூப்பிட்டு, வோல்டேஜ் எவ்வளவு ஏறினாலும் நிற்காதபடி இன்வெர்ட்டர் லிமிட்டைக் கூட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 7

பக்கத்து வீட்டு சுந்தரம்மாவின் பிரிட்ஜ் நேற்று மத்தியானம் புகைந்து நின்றுவிட்டதாம். ஜூஸை உறைய வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்றுத்தான் அந்த மனுசியின் சீவியம். "நானா, நீங்கதான் கந்தோர்ல பேசணும்" என்றாள், கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல. பேசாமல்? என் வேலையே அதுதானே. அதுவரை பக்கட்டுகளை எங்கள் பிரிட்ஜில் வைக்கச் சொன்னாள் என் மனைவி மஸீனா.

ஜூலை 9

சுந்தரம்மாவைக் கந்தோருக்குக் கூட்டிப் போனேன். மேசையில் தட்டிப் பேசினேன். லைனில் வோல்டேஜ் ஏறித்தான் எரிந்தது, ஈடு கொடுங்கள், ஏழைக்கும் நியாயம் வேண்டும் — அப்பப்பா, என்ன வாய் எனக்கு. அடுத்த வியாழன் வந்து அளப்பார்களாம். திரும்பும் பஸ்ஸில் சுந்தரம்மா பக்கத்து சீட்காரியிடம், "இவரு மாதிரி ஒரு ஆளு ஊருக்குக் கெடைக்கணுமே" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சும்மாதான் போனில் இன்வெர்ட்டர் பதிவுகளைப் பார்த்தேன். போன ஞாயிறு மத்தியானம் 272 வோல்ட். இருக்க வேண்டியது 230. எங்கள் லைன் கடைசியில் சோலார் போட்ட வீடு என்னுடையது ஒன்றுதான். அடுத்தது சுந்தரம்மாவின் வீடு.

நிற்காமல் கரண்டைத் தள்ளி வோல்டேஜை ஏற்றியது நான்தான். வேறு யார்?

ஜூலை 16

நாளை அளக்க வருகிறார்கள். அம்ஹருக்குப் போன் எடுத்தேன். வந்து லிமிட்டைப் பழையபடி இறக்கி வைத்தான். "இனி யாருக்கும் புடிக்க ஏலாது, நானா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூலை 17

அளந்தார்கள். லைனில் ஒரு பிழையுமில்லை, வீட்டு வயரிங்கில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வயரிங் செய்தது சுந்தரம்மாவின் மருமகன் ரமேஸ். "தெரியாத வேலைய ஏன் செய்யணும்?" என்று சுந்தரம்மா முற்றத்தில் நின்று போனில் அவனிடம் கத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். எப்போதும் முன்வரிசை; இன்று கடைசி வரிசையில் நின்றேன்.

ஜூலை 20

எல்கடுவையிலிருந்து ரமேஸும் அவன் மனைவி, சுந்தரம்மாவின் மகள் தினுஷாவும் வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "எம் பொழப்பையே எரிச்சிட்டீங்க மாப்பிள்ள" என்று சுந்தரம்மா. "இனி இந்தப் பக்கம் வர மாட்டோம்மா" என்று தினுஷா. சோறுகூட உண்ணாமல் போய்விட்டார்கள்.

சாயங்காலம் சுந்தரம்மா பக்கட் வைக்க வந்தாள், கண் வீங்கியிருந்தது. "ஒங்க பிரிட்ஜ் இல்லாட்டி நான் செத்தேன் நானா" என்றாள்.

ச்சீ. நானெல்லாம் ஒரு மனுசனா?

ஜூலை 27

மஸீனாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலே நின்றாள். "அந்த மனுசி தெனமும் இந்தக் குசினிக்கு வந்து ஒங்களுக்காக ஆண்டவன்கிட்ட துஆ கேட்டுட்டுப் போகுது. ஒங்களுக்கு வெக்கம் ஈக்கா?"

இருக்கிறது. அதனால்தான் சுந்தரம்மா முன்னால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 3

சங்கக் கமிட்டியிடம் நடந்ததைச் சொல்லி, செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்றேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. முஸம்மில் எழும்பிக் கதவைச் சாத்தினார். "எங்க வீட்டுலயும் போன கிழம அப்பிடித்தான் செஞ்சது. செக்ரட்டரி வீட்டுலயே செஞ்சிருக்குன்னு அம்ஹர் சொன்னான். சும்மா இரிங்க. வெளிய தெரிஞ்சா டிரான்ஸ்போமரும் வராது, ஒண்ணும் வராது."

என்னைப் பார்த்துத்தானா அவர்களும்?

ஆகஸ்ட் 4

கந்தோருக்குப் போய் என் வீட்டின் மீதே முறைப்பாடு கொடுத்தேன். அன்றைக்கு மேசையில் தட்டினேனே, அதே ஐயாவிடம். யார் வீடு, யார் வீடு என்று திரும்பவும் கேட்டார்.

அங்கே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 7

என் சோலார் இணைப்பைத் துண்டிக்க வந்தார்கள். சுந்தரம்மா ஓடிவந்து வாசல் கேற்றை மறித்துக்கொண்டு நின்றாள். "எங்களுக்காகப் பேசுற மனுசன். அவரு வீட்டுலயே கைய வைக்கிறீங்களா?" சிங்களத்திலும் ஏசினாள். வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

இன்னும் என்ன மறைக்க? அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "ஒங்க பிரிட்ஜ எரிச்சது நான், சுந்தரம்மா. வயரிங்ல பிழையில்ல." லிமிட் கூட்டியது, இறக்கியது, எல்லாம்.

"அளக்க வந்த அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கேற்றை விட்டு விலகிப் போனாள்.

ஆகஸ்ட் 8

எங்கள் பிரிட்ஜைக் கொண்டுபோய் அவள் வீட்டில் இறக்கினோம். சுந்தரம்மா கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததும் சுந்தரம்மா வாசலில் வந்து நின்றாள். "எல்கடுவைக்கு வாங்க. மாப்பிள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க." பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்து வாசலில் நின்றபடியே ரமேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான், அடித்தாலும் அடிப்பான் என்றுதான் நினைத்துப் போனேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அத்தை ஏசினது பெருசில்லங்க. எங்க பிழ விட்டேன், எங்க பிழ விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு, அதுக்கப்பறம் வந்த வீட்டு வயரிங் வேல எதையும் நான் எடுக்கல. நான் வயர் இழுத்த வீட்டுல ராவுல புள்ளைங்க தூங்குமேன்னு பயம்."

பிரிட்ஜை யோசித்திருந்தேன். தாயும் மகளும் பிரிந்ததை யோசித்திருந்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். தினுஷா தாயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பஸ் வரும்வரை நான் றோட்டில் நின்றேன்.