அனுப்பும் பெட்டியில் ஒன்று

அக்கா, இன்று காலையும் கணினியைப் போட்டதும் "அனுப்ப வேண்டியது: ஒன்று" என்றுதான் காட்டியது. உங்களுக்கு நான் எழுதிய மின்னஞ்சல் அது. போகவும் மாட்டாது, அழியவும் மாட்டாது. திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நீங்கள் கண்மூடி இரண்டு மாதமாகிவிட்டது. அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கந்தோரில் இருபத்தாறு வருடம் இரண்டு தட்டச்சு மேசைகளில் எதிரெதிரே இருந்தோம். அந்த இரைச்சலிலேயே உங்கள் காது மந்தமாகிப்போனது. ஓய்வு பெற்ற பிறகும் உரும்பிராயில் ஓர் ஒழுங்கை தள்ளித்தான் இருவர் வீடும். எனக்கென்று வேறு யாரும் இருக்கவில்லை. காலையில் நீங்கள் வந்து படலையைத் தட்டினால்தான் எனக்கு விடியும். பிணக்கு வந்தாலும் மதியத்துக்கு முன் நீங்களே வந்து, "என்ன பிள்ளை, இன்னும் மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறியோ?" என்பீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் கனடாவுக்கு மகளிடம் போவதை எனக்குச் சொல்லவில்லை. பூட்டிய படலைக்கு முன்னால் நின்ற என்னிடம் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். ஒரு கிழமை, ஏழு நாளும் பொறுத்தேன். பிறகு எழுதினேன்: "இனி உங்கள் நன்மை தின்மைக்கு நான் இல்லை. நான் செத்தாலும் உங்களுக்கு அறிவிக்க வேண்டாம் என்று சொல்லி வைப்பேன்." போதாததற்கு, கீரிமலையில் நாம் எடுத்த படத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அதை ஸ்கான் பண்ணி இணைத்தேன். படம் என்னவோ என் அலுமாரியில்தான் இருந்தது. கோபத்தில் அது விளங்கவில்லை. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டது.

மறுநாள் கோபம் வடிந்துவிட்டது. அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சந்தியில் கணினி திருத்துபவரைக் கூப்பிட்டேன்.

"மெயில் பழுதாப் போச்சு அம்மா. அழியுதில்லை."

"அது தானாய்ப் போயிடுமோ, தம்பி?"

"லைன் இருந்தால் போனாலும் போகும். சொல்லேலாது."

அவர் போனதும் இணைய வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நம் கந்தோரில் வரும் தபாலுக்கு ஒரு தட்டு, போகும் தபாலுக்கு இன்னொரு தட்டு அல்லவா? ஒன்று நின்றால் மற்றது நிற்காது. அந்தப் பழக்கத்தில், வயரைக் கழற்றினாலும் உங்கள் கடிதம் எப்படியும் வரும் என்று நம்பினேன். தினமும் பார்ப்பேன், ஒன்றும் வந்திராது. முதலில் கதைப்பது எப்போதும் நீங்கள்தானே. இந்த முறை உங்களுக்கும் நான் வேண்டாமாக்கும் என்று நானும் இறுகிப்போனேன். தொலைபேசியில் கதைத்தால் உங்களுக்குக் கேட்காது. தபாலில் எழுத என் ரோசம் விடவில்லை. சமைத்ததைத் தனியே சாப்பிட்டுவிட்டு, யாரோடும் ஒரு சொல் கதைக்காமல் படுத்த நாட்கள் எத்தனையோ. தனிமை என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலாம் மாதம் உங்கள் மகள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா, அன்ரி."

இனி அது போனால் என்ன, இருந்தால் என்ன என்று வயரைத் திரும்ப மாட்டினேன். அது போகவில்லை. உங்கள் கடிதங்கள்தான் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது.

முதலாவதில், "உன்னட்டைச் சொன்னால் நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன். அதுதான் சொல்லேல்லை" என்று இருந்தது. அழுதேன், அக்கா. கடைசிக் கடிதம் சின்னது. "பிள்ளை, கோவமெண்டால் நல்லா ஏசி ஒரு கடிதம் எழுது. உன்ரை ஏச்சு எனக்குப் புதுசே? நீ ஒண்டும் எழுதாமல் இருக்கிறதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

ஏசித்தான் எழுதியிருந்தேன், அக்கா. அது உங்களுக்கு வந்து சேர்ந்துவிடக் கூடாதென்று நாலு மாதம் காவல் இருந்தேன்.