படத்தில் இருந்த கோயில்

மே 1996, செவ்வாய் இரவு

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கோடையில் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, தன் தாயை ஜெர்மனிக்கு ஆற்றுக் கப்பல் பயணம் கூட்டிப் போகிறாராம். திராட்சைத் தோட்டங்களும் பழைய ஊர்களும் பார்ப்பார்களாம். தாயைக் குளிக்க வார்க்க நானும் போக வேண்டுமாம். படங்களைக் காட்டிக்கொண்டு வந்தவர் ஒரு கோயிலில் நிறுத்தினார். என் கை தானாகச் சிலுவை போட்டது. "உள்ளே இடப்பக்கம் அந்தோனியார் இருப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

"நீ அங்கே போயிருக்கிறாயா?"

"இல்லை சிஞ்ஞோரா, எங்கள் மன்னார்க் கோயிலிலும் அப்படித்தான்."

சிரித்தார். நம்பினாரா தெரியவில்லை.

ஜெர்மனியில் அகதி முகாமிலிருந்து நடந்துபோய் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கோயிலில்தான் மெழுகுதிரி கொளுத்தினேன். அகதி வழக்கைத் தள்ளித் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றதும் களவாக இங்கே இத்தாலிக்கு ஓடிவந்தோம். பலெர்மோவில் எனக்கு வேறு பெயர். ஆனால் விரல்கள் அதே விரல்கள்தான். பத்தையும் மையில் உருட்டி அங்கே ரேகை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன்.

"வரமாட்டன் எண்டு சொல்லன்."

"சொன்னால் வேலை போயிடும். வேலை போனால் இங்க இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது."

 அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நித்திரை இல்லை என்று தெரிகிறது.

பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிட்டபோது நான் கதவுப்பிடியை விடாமல் நிற்பதைச் சிஞ்ஞோரா கண்டுவிட்டார். விரல்களைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்து, "பயப்படாதே, ஆறு கடலைப்போல ஆடாது" என்றார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.