பச்சை மேசை தெரிந்த பேஸ்புக் பதிவு

அன்பு அத்தாவுக்கு நஜ்லாவின் ஸலாம். முட்டிவலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்? தஞ்சோங் மாலிமில் நான் நலம்.

திங்கட்கிழமை ஊடகச் சட்ட வகுப்பில் அவதூறு பற்றிய பாடம். விரிவுரையாளர் அபிராமி, பெயரை மறைத்து ஒரு பேஸ்புக் பதிவைத் திரையில் காட்டினார். "பக்கத்துக் கடையில நேத்து வச்ச மீன் குழம்பச் சுட வச்சு விக்கிறாங்க, பார்த்துச் சாப்பிடுங்க லா." பதிவோடு இருந்த படத்தின் ஓரத்தில் நம் ஈப்போ சாப்பாட்டுக் கடையின் பச்சை மேசை தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு மனம் கேட்காமல் கையைத் தூக்கினேன். "அவர் சொன்னது உண்மையா இருந்தா, மேடம்?"

"உண்மைன்னா தப்பிக்கலாம். ஆனா அத அவருதான் நிரூபிக்கணும். உனக்கு அவரத் தெரியுமா?"

"எங்க அத்தா" என்றேன். சிரிப்பு நின்றது. மேடம் உடனே படத்தை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்தக் குழம்பை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? எதுவானாலும் கோபப்பட மாட்டேன், தெரிந்துகொள்ள வேண்டும். பதிவை மட்டும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீங்கள் அதைக் குடும்பக் குழுவுக்கே அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவின் மிளகாய்ச் சம்பால் கொடுத்துவிடுங்கள். தனியாக உட்கார்ந்தால் கடைச் சோறு இறங்குவதில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பக்கத்துக் கடை ஸைஃபுல் மாமாவுக்கு என் ஸலாமை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மகள்,
நஜ்லா