பிரித்துப் போட்ட ஹெரால்டு

இன்று காலை காரின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கியதும் அந்த வாடை வந்தது. மண்ணெண்ணெயும் பழைய கிரீஸும் ஈரத் துருவும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் சாப்பிட வந்து உட்காரும்போது சட்டையில் ஒட்டியிருக்குமே, அதே வாடை. தார்ப்பாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

குடியாத்தத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய ஹெரால்டு கார். மினி லாரியில் ஏற்றி வந்து நம் வீட்டுப் பக்கவாட்டில் இறக்கினீர்கள். கதவைத் திறந்தால் அடித்தகட்டு ஓட்டை வழியாக மண் தெரிந்தது.

"இதப் போயி இன்னாத்துக்குங்க?" என்றேன்.

"ஷூ கம்பெனியில யாரோ வாங்கின மெஷினத்தான் இத்தினி வருசமா ரிப்பேர் பண்றேன். இது ஒண்ணாவது நம்மளுது" என்றீர்கள். நானும் அதே கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள்தானே. நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடம் ஞாயிறெல்லாம் அதற்கே போயிற்று. இற்றுப்போன தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தீர்கள். இடது பக்கக் கதவை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தது நான். எஞ்சினைப் பிரித்து, நட்டும் போல்ட்டும் ஊறுகாய் பாட்டில்களில் போட்டு வைத்தீர்கள். முப்பது பாட்டிலாவது இருக்கும். ஒன்றிலும் பெயர் இல்லை.

"எது எங்கன்னு எழுதி ஒட்டுங்க."

"எழுதி இன்னா பண்றது? எல்லாம் இங்க இருக்குது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினீர்கள்.

அடுத்த மாதமே அந்தத் தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை விளங்கவில்லை, பேச்சும் இல்லை. 'வா' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீருக்கும் வா, வலிக்கும் வா.

கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். கார் தெரியட்டும் என்றுதான். பாட்டில்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு போல்ட்டாக உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது எஞ்சினுதா? கியர் பாக்ஸுதா? தலைய ஆட்டுங்க, போதும்." நீங்கள் எல்லாவற்றுக்கும் ஆட்டினீர்கள். ஒருநாள் இடது கையால் பாட்டிலைத் தட்டிவிட்டீர்கள். போல்ட்டுகள் தரையெங்கும் உருண்டன. பிறகு வாய் கோணி அழுதீர்கள். முப்பது வருடக் குடித்தனத்தில் நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்று சாயங்காலமே காரைத் தார்ப்பாயால் மூடிக் கட்டினேன். ஜன்னலையும் சாத்தினேன். நீங்கள் ஜன்னலையே பார்த்து, "வா... வா..." என்றீர்கள். நான் பக்கத்தில் வந்து, "இங்கதான் இருக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கையை உருவிக்கொண்டீர்கள். நான்கு மாதம் அந்த ஜன்னல் திறக்கவே இல்லை. அதற்குள் போய்விட்டீர்கள்.

பையன் பெங்களூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "யாருக்கானா குடுத்துடும்மா" என்கிறான். போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பாட்டில்களைக் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "யக்கா, இதுல எது இருக்குது, எது இல்லன்னே எனக்குப் பிடிபடல. அவரு வந்து சொன்னாத்தான் உண்டு" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று பார்த்தேன். நீங்கள் பற்றவைத்த இடங்களிலேயே துரு மறுபடி பூத்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். அதற்கு மேல் என்ன பூசுவது என்று எனக்குத் தெரியாது.

பார்த்தால் உங்களுக்கு வேதனை என்றுதான் ஜன்னலைச் சாத்தினேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் பார்ப்பதை என்னால்தான் பார்க்க முடியவில்லை. அதை உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டது என்னையா, வெளியே காரிடம் கொண்டுபோய் விடச் சொன்னீர்களா? பத்து அடி தூரம். தூக்கிக்கொண்டு போயாவது உட்கார வைத்திருப்பேன்.